உடைந்த வளையல், துப்பாக்கிக் கட்டை, சைக்கிள் சீட்டு: கழிவுப் பொருள் சிற்பங்கள் பற்றிச் சில குறிப்புகள்

கழிவுப் பொருளில் செய்த சிற்பம் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பள்ளிக்கூட ஆண்டு விழாக் கண்காட்சிதான். பிளாஸ்டிக் பாட்டிலில் பென்குயின், பழைய சி.டி.யில் மயில், பக்கத்தில் 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதின அட்டை. பார்ப்போம், 'நல்லா இருக்கே' என்போம், அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடுவோம். ஆனா அதே மாதிரி தூக்கிப்போட்ட பொருளில் செய்த வேறு சில சிற்பங்களின் முன்னால் அப்படி நகர முடிவதில்லை. தொண்டையில் என்னமோ அடைக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? செய்தவரின் கைத்திறன் ஒரு காரணம், சந்தேகமில்லை. அது மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துக் குறித்து வைத்ததை இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதனால் 'இது எப்படி வேலை செய்யுது?' என்ற கேள்வியோடுதான் எதையும் அணுகத் தெரியும். இதையும் அப்படியே அணுகுகிறேன்.

முதலில் பொருள். சிற்பி எடுக்கும் கருங்கல்லுக்குக் கோடிக்கணக்கான வருஷம் வயசிருக்கலாம். ஆனால் மனுஷ வாழ்க்கையோடு அதற்கு முன்கதை எதுவும் கிடையாது. களிமண்ணும் அப்படித்தான். ஐம்பொன் கொஞ்சம் வேறு மாதிரி. கோயிலுக்குச் சிலை வார்க்கும்போது ஊர்ப் பெண்கள் மோதிரத்தையும் மூக்குத்தியையும் கழற்றி உருக்கில் போடுவது இன்றைக்கும் நடக்கிற விஷயம். ஆனால் வார்த்து முடித்த அம்மனைப் பார்த்து 'இந்த இடத்தில் இருப்பது இன்னாருடைய மூக்குத்தி' என்று யாராலும் காட்ட முடியாது. உருக்கியாச்சு என்றால் கதை போச்சு.

நம்ம வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற பழக்கம் உண்டு இல்லையா. எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு ஒன்றில் பாட்டியின் பெயரும் கீழே 14-4-68 என்ற தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதைப் பாத்திரக் கடையில் பழசாகப் போட்டால் தராசு காட்டுவது எடையை மட்டும்தான். பெயருக்கு விலை கிடையாது. தெருவில் 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வந்தவரின் கணக்கும் இதுதான். காயலான் கடைக்குப் போய்ப் பாருங்கள் (காயல்பட்டினத்துக்காரர்கள் அந்த வியாபாரத்தில் நிறைய இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள்): ஜன்னல் கம்பி, தையல் மெஷின் கால், ஒரு குழந்தை ஓட்டின மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் ஒரே குவியலில் கிலோ என்ன விலை என்று கிடக்கும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மறுசுழற்சி என்ற தொழிலே இப்படித்தான் நடக்க முடியும். பொருள் தன் பழைய வேலையை மறந்தால்தான் புது வேலைக்குப் போகும்.

கழிவுச் சிற்பம் இதற்கு நேர் எதிரான வழி. இங்கே பொருளை உருக்குவதில்லை, அரைப்பதில்லை. பழைய வேலையின் அடையாளத்தோடேயே புது உருவத்தில் உட்கார வைக்கிறார்கள். அந்த அடையாளம் தெரிகிற வரைக்கும்தான் சிற்பம் வேலை செய்கிறது.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பிக்காசோ 1942-ல், ஜெர்மானியர்கள் ஆக்கிரமித்திருந்த பாரிஸில், ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை ஒன்று செய்தார். சீட்டு முகம், ஹேண்டில்பார் கொம்பு. அவ்வளவுதான் சிற்பம், ஐந்து வயசுப் பிள்ளைக்கும் புரியும். பிறகு அதை வெண்கலத்திலும் வார்த்தார். அப்போது அவர் புகைப்படக் கலைஞர் பிரஸ்ஸாயிடம் சொன்னதன் சாரம் இது: வெண்கலம் எல்லாவற்றையும் ஒரே பொருள் மாதிரி ஆக்கிவிடும், அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் காளை மட்டும் தெரிந்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தெரியாமல் போனால் சிற்பத்தின் சுவாரசியமே போய்விடும். நான் மேலே உருக்குவது பற்றிச் சொன்னதைத்தான் அவர் தன் பட்டறை அனுபவத்திலிருந்து சொல்கிறார்.

இங்கே ஒரு சின்னத் தத்துவப் பாடம் உதவும். அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார். ஒன்று, சாயலால் குறிப்பது: யானைப் படம் யானையைக் குறிப்பது போல. இரண்டு, காரணத் தொடர்பால் குறிப்பது: சேற்றில் பதிந்த கால் தடம் யானை போனதைச் சொல்வது போல. மூன்றாவது, வழக்கத்தால் குறிப்பது: 'யானை' என்ற சொல் போல. இரண்டாவது வகைக்கு நம்ம தர்க்க நூல்களில் ஓயாமல் வரும் புகை, நெருப்பு உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். புகை நெருப்பு மாதிரி இருக்காது. ஆனால் நெருப்பு இல்லாமல் புகை வராது.

சாதாரணச் சிற்பம் பெரும்பாலும் முதல் வகை. சாயலால் பேசும். கழிவுச் சிற்பமோ ஒரே சமயத்தில் முதல் வகையாகவும் இரண்டாம் வகையாகவும் இருக்கிறது. உருவம் ஒன்றைச் சொல்கிறது, பொருள் இன்னொன்றுக்குச் சாட்சி சொல்கிறது. சாயலை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், தடயத்தைச் செய்ய முடியாது. அது நடந்திருக்க வேண்டும். நம் மனசு இந்த இரண்டுக்கும் வேறு வேறு மாதிரி அசைகிறது. இறந்துபோனவரின் போட்டோவைப் பார்ப்பதும் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுப்பதும் ஒன்றில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

(எங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று உண்டு. பழைய நிரல் துண்டு ஒன்றை எடுத்துப் புது மென்பொருளில் சேர்த்தால், அது ஓடும்போது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வெர்ஷன் ஹிஸ்டரியைத் தோண்டினால்தான் தெரியும். கழிவுச் சிற்பத்தில் அந்த ஹிஸ்டரி மேல் தோலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

சரி, தடயம் எதற்குத் தடயம் என்பதைப் பொறுத்துத்தானே உணர்ச்சியின் கனம்? பாட்டில் பென்குயினில் இருப்பது யாரோ கூல்டிரிங்க்ஸ் குடித்ததற்கான தடயம். அதில் கனம் ஒன்றும் இல்லை. அடுத்த உதாரணத்தில் இருப்பது அப்படி இல்லை.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. 2001-ல் மொசாம்பிக் நாட்டுக் கலைஞர் கெஸ்டர் செய்தது. பெயர் 'ஆயுதங்களின் அரியணை'. முழுக்க முழுக்க வெட்டிய துப்பாக்கிகள். மொசாம்பிக் 1975 வரைக்கும் போர்ச்சுக்கல்லின் காலனி. விடுதலை கிடைத்த இரண்டு வருஷத்தில் உள்நாட்டுப் போர் தொடங்கி 1992 வரை நடந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். போர் நின்ற பிறகும் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் புதைத்தும் ஒளித்தும் வைத்தபடி நாட்டுக்குள்ளேயே கிடந்தன. 1995-ல் பிஷப் டினிஸ் செங்குலானே முன்கை எடுக்க, அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. துப்பாக்கி கொடு, பதிலுக்குத் தையல் மெஷினோ சைக்கிளோ மண்வெட்டியோ வாங்கிக்கோ. நம்ம ஊர்ப் பேரீச்சம்பழ வண்டி மாதிரிதான், சரக்குதான் வேறே. வாங்கின ஆயுதங்களைச் செயலிழக்க வைத்து, வெட்டி, துண்டுகளைத் தலைநகர் மபூட்டோவில் இருந்த கலைஞர்களிடம் கொடுத்தார்கள்.

அந்த நாற்காலியை உற்றுப் பார்த்தால் நாடு நாடாகப் பிரித்துச் சொல்லலாம். முதுகு சாயும் பக்கம் போர்ச்சுக்கீசிய ஜி3 ரைபிள்கள், அதாவது காலனி காலத்தின் மிச்சம். மற்ற பாகங்களில் ஏகே-47 வகையறா, கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வட கொரியாவிலிருந்தும் வந்தவை. ஒன்றுகூட மொசாம்பிக்கில் செய்தது கிடையாது. செத்தவர்கள் உள்ளூர், சாமான் வெளியூர். இந்த வரலாற்றை ஒரு பக்கக் கட்டுரையில் எழுதலாம், ஆனால் அந்த நாற்காலி அதை எழுதிக் காட்டவில்லை. ஆயுதங்களே நேரில் வந்து நிற்கின்றன.

அதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. முதுகுப் பக்கத்தின் உச்சியில் இரண்டு துப்பாக்கிக் கட்டைகள் இருக்கின்றன. அவற்றில் திருகாணிக்கான துளைகளும் வார் கோர்க்கும் இடமும் சேர்ந்து பார்க்க மனுஷ முகம் மாதிரி இருக்கும். இரண்டு கண், ஒரு வாய், சிரிக்கிற மாதிரிகூடத் தெரியும். கெஸ்டர் அதைத் தான் செதுக்கவில்லை, துப்பாக்கியிலேயே அப்படி இருந்தது என்று விளக்கியிருக்கிறார். அவருடைய உறவினர்கள் இருவர் அந்தப் போரில் கால் இழந்தவர்கள். கால் போகக் காரணமான சாமான்களின் வகையைச் சேர்ந்த ஒன்றைக் கையில் எடுத்து, அதில் ஒரு முகத்தைப் பார்த்து, அதைத் துடைக்காமல் விட்டிருக்கிறார். சிற்பியின் வேலை செதுக்குவது என்று நினைப்போம். இங்கே பெரிய முடிவு செதுக்காமல் விட்டதுதான்.

உட்கார முடியாத நாற்காலி அது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் தலைவருடைய இருக்கை அதிகாரத்தின் சின்னம். அந்த இருக்கை துப்பாக்கியால் ஆனது என்றால் என்ன அர்த்தம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. இதே திட்டத்தின் ஆயுதங்களில் கெஸ்டரும் வேறு மூன்று பேரும் சேர்ந்து 2004-ல் சுமார் அரை டன் எடையில் 'வாழ்வின் மரம்' என்ற சிற்பமும் செய்தார்கள். அது பெரிசு, நம்பிக்கையானது, அழகானதும்கூட. ஆனால் எனக்கு நாற்காலிதான். மரத்தில் செய்தி தெரிகிறது, நாற்காலியில் முகம் தெரிகிறது.

இனி இந்தியாவுக்கு வருகிறேன். உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே நேக் சந்த் பற்றித்தான்.

நேக் சந்த் 1924-ல், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கட் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். 1950களில் சண்டிகரில் ரோடு இன்ஸ்பெக்டர் வேலை. சண்டிகரே பிரிவினையில் பிறந்த நகரம்தான். பஞ்சாபின் தலைநகரான லாகூர் அந்தப் பக்கம் போய்விட்டதால் இந்தப் பக்கத்துக்கு ஒரு புதுத் தலைநகர் தேவைப்பட்டது. நேரு சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயிடம் வேலையை ஒப்படைத்தார். செக்டர் செக்டராகக் கட்டம் போட்டு, காங்கிரீட்டில் ஒரு நவீன நகரம். அதற்கு இடம் வேண்டுமே? இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து இடித்தார்கள்.

இடித்த கிராமம் என்றால் என்னவெல்லாம் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். பானை ஓடு, கதவு நிலை, உடைந்த வளையல், சைக்கிள் சட்டம், அடுப்பங்கரைச் சாமான். பக்கத்தில் புது நகரம் எழும்போது அது போடும் குப்பை வேறே: உடைந்த டைல்ஸ், பீங்கான் பேசின், யூரினல், ஃப்யூஸ் கட்டை, சுவிட்ச் சாக்கெட், தார் டிரம், மழையில் நனைந்து மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட். நேக் சந்த் வேலை முடிந்ததும் சைக்கிளில் போய் இவற்றைச் சேகரித்தார். ஆற்றுப் படுகைகளிலிருந்து விநோத வடிவக் கற்களையும் கொண்டுவந்தார். நகருக்கு வடக்கே சுக்னா ஏரிப் பக்கம், கட்டடமே கட்டக்கூடாது என்று ஒதுக்கியிருந்த அரசுக் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டு அங்கே சேர்த்து வைத்தார். இது 1958 வாக்கில் தொடங்கியது. சில வருஷம் சேகரிப்பு மட்டும்தான். பிறகு உருவங்கள் செய்ய ஆரம்பித்தார். ராத்திரியில் பழைய டயரை எரித்து அந்த வெளிச்சத்தில் வேலை.

செய்முறை பற்றி ஒரு பாரா எழுதாவிட்டால் எனக்குள் இருக்கும் பி.இ. சும்மா இருக்காது. உள்ளே எலும்புக்கூடாக சைக்கிள் பாகம், இரும்புக் கம்பி, குழாய். அதன் மேல் சிமெண்ட் கலவை. கலவை இறுகுவதற்குள் வெளித்தோலாக உடைந்த டைல்ஸ், பீங்கான் சில்லு, வளையல் துண்டு ஆகியவற்றைப் பதிப்பது. பொறியியல் ரீதியில் இது வலுவூட்டிய காங்கிரீட்தான். பக்கத்திலேயே லெ கொர்புசியே உயர் நீதிமன்றத்தையும் சட்டசபையையும் கட்டியதும் அதே தொழில்நுட்பத்தில்தான். ஒருவர் வரைபடத்தோடு, அரசு அனுமதியோடு. இன்னொருவர் குப்பையோடு, திருட்டுத்தனமாக.

இதில் இன்னொரு வேடிக்கை. லெ கொர்புசியே சண்டிகருக்காக எழுதி வைத்த ஆணை ஒன்று உண்டு. நகரத்திலோ பூங்காக்களிலோ தனி மனிதர் சிலைகள் எதுவும் வைக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. தலைவர் சிலைகளை மனசில் வைத்துத்தான் அப்படி எழுதியிருப்பார், அது நல்ல விதிதான். (நம்ம ஊர் நாற்சந்திகளை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.) அந்த விதி எழுதின அதே நகரத்தின் காட்டுக்குள்ளே, பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான மனுஷ உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுகொண்டிருந்தன.

1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது சுமார் 12 ஏக்கரில் முற்றம் முற்றமாக ஒரு ராஜ்ஜியமே இருந்தது. சட்டப்படி அது அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு. இடித்திருக்க வேண்டும், இவருக்கு வேலையும் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. விஷயம் பரவி மக்கள் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். 1976-ல் 'ராக் கார்டன்' என்று பெயர் வைத்து முறைப்படி திறந்தார்கள். அவருக்குச் சம்பளம், 'ராக் கார்டன் சப் டிவிஷனல் இன்ஜினியர்' என்று ஒரு பதவி, 50 வேலையாட்கள். இல்லாத ஒரு துறைக்கு ஒரு பொறியாளர்! அரசு இயந்திரம் எப்போதாவது இப்படி அழகாக வளைந்து கொடுக்கும். கொடுக்கும்போது பாராட்டிவிட வேண்டும். 1984-ல் பத்மஸ்ரீ. பின்னாளில் தோட்டம் சுமார் 40 ஏக்கருக்கு விரிந்தது. அவர் 2015 ஜூனில் 90 வயதில் காலமானார்.

வேலை விஷயமாகச் சண்டிகர் போனபோது எனக்கு அரை நாள் கிடைத்தது. படத்தில் பார்த்திருந்ததால் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா என்ற நினைப்போடுதான் போனேன். வாசல்கள் எல்லாம் வேண்டுமென்றே தாழ்வாக இருக்கும். குனிந்துதான் அடுத்த முற்றத்துக்குப் போக முடியும். ஒரு இடத்தில் நிமிர்ந்தபோது எதிரே சரிவில் வரிசை வரிசையாகப் பெண் உருவங்கள். உடம்பெல்லாம் வளையல் துண்டு. பச்சை, சிவப்பு, நீலம். முகம் தட்டையாக, கண் அகலத் திறந்தபடி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் நம்மைப் பார்க்கிறார்கள். சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், அப்பாக்கள் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பது போல் இருந்தது.

வளையல் உடைவது என்றால் நம்ம நாட்டில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. புருஷன் செத்தால் மனைவியின் கையில் வளையலை உடைப்பது தமிழ்நாட்டிலும் உண்டு, பஞ்சாபிலும் உண்டு. 1947-ல் பஞ்சாபில் எத்தனை கை வளையல் உடைந்திருக்கும்! ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நேக் சந்த் இதைப் பிரிவினையின் நினைவுச் சின்னம் என்று அறிவித்துச் செய்யவில்லை. சின்ன வயசில் அம்மா சொன்ன ராஜா ராணிக் கதைகள், கனவில் கண்ட ராஜ்ஜியம் என்பதுதான் அவர் பேச்சு. அந்த வளையல் துண்டுகளில் எது சாவு வீட்டில் உடைந்தது, எது கடைக்காரர் கை தவறி உடைந்தது, எது சண்டையில், எது குழந்தை பிடித்து இழுத்ததில் உடைந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு துண்டும் ஒரு கை அசைவின் தடயம் என்பது மட்டும் நிச்சயம். யாருடைய கை என்பது அழிந்துவிட்டது. கெஸ்டரின் நாற்காலியில் தடயத்துக்கு ஊரும் வருஷமும் உண்டு. இங்கே தடயம் இருக்கிறது, பெயர் இல்லை.

ஊர் இழந்த ஒருவர், ஊர் இழந்த கிராமங்களின் உடைசலை எடுத்து ஒரு ஊர் கட்டியிருக்கிறார் என்பதை அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொருள் சொல்கிறது. அதையும் ராத்திரியில், பதினெட்டு வருஷம், யாரும் பார்க்கப் போவதில்லை என்ற நிலையில் செய்திருக்கிறார். பார்வையாளர் யாருமே இல்லாமல் அவ்வளவு வருஷம் ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்குக் கலை ஆர்வம் என்று பெயர் வைத்தால் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று சொல்கிறேன். டெல்லி சராய் காலே கானில் 2019-ல் 'வேஸ்ட் டு வொண்டர்' என்ற பூங்காவை மாநகராட்சி திறந்தது. சுமார் 150 டன் பழைய இரும்பில் தாஜ்மஹால், ஈஃபில் கோபுரம், பிரமிடு, பைசா சாய்ந்த கோபுரம் என்று ஏழு உலக அதிசயங்களின் மாதிரிகள். வெல்டிங் வேலை பிரமாதம், சாயங்காலம் விளக்கு போட்டால் ஜொலிக்கும், குடும்பத்தோடு போக நல்ல இடம். ஆனால் அங்கே உணர்ச்சி எழாததற்குக் காரணம் என் கணக்கில் இதுதான்: டெல்லி மாநகராட்சியின் பழைய இரும்புக்கும் ஈஃபில் கோபுரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வண்டி உதிரி பாகம் கோபுரமாகத் தெரிய வேண்டும், அது உதிரி பாகம் என்பது ஒரு வியப்புக்கு மட்டும். தடயம் ஒரு பக்கம் பேசுகிறது, சாயல் வேறு எங்கோ பேசுகிறது. ஒன்றை ஒன்று தொடவில்லை. அதே 150 டன்னில் டெல்லியின் சொந்தக் கதை எவ்வளவு கிடந்திருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காளைத் தலையில் வரலாற்றுக் கனம் எதுவும் இல்லையே, அது மட்டும் ஏன் வேலை செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கிடைப்பது துக்கம் இல்லை, ஒரு சிரிப்பு. சீட்டுக்கும் காளை முகத்துக்கும் நடுவில் கண் மாறி மாறிப் போய்வரும் அந்தச் சந்தோஷம். உருவமும் பொருளும் அங்கேயும் ஒன்றை ஒன்று தொடுகின்றன, வடிவத்தின் வழியாக. ராக் கார்டனிலும் இந்த விளையாட்டு நிறைய உண்டு. அதனால்தான் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது, பெரியவர்களுக்கு வேறு மாதிரிப் பிடிக்கிறது.

கடைசியாகப் பராமரிப்பு. இது யாரும் அதிகம் பேசாத பகுதி. நம்ம மரபில் பின்னமான சிலை வழிபாட்டுக்கு ஆகாது. கருவறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். உடைசலிலேயே பிறந்த சிலை உடைந்தால் என்ன செய்வது? வளையல் பதித்த தோளில் பத்துத் துண்டு உதிர்ந்துவிட்டால், கடையில் புது வளையல் வாங்கி, உடைத்து ஒட்டலாமா? ஒட்டினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பத்துத் துண்டு யார் கையிலும் இருந்ததில்லை. சாயல் சரி, தடயம் பொய். சிமெண்ட் விரிசல் விட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி மேல்தோலைத் தள்ளும். காங்கிரீட் கட்டடம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த வியாதிதான். அந்தச் சிலைகளுக்கு இது வராமல் இருக்காது.

வெளியிலிருந்து வந்த ஆபத்து வேறே. வாஷிங்டனில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றுக்காக 1980களில் நேக் சந்த் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார். 2004-ல் அருங்காட்சியகம் இடத்தைக் காலி செய்தபோது அந்தத் தோட்டமும் போனது. சிலைகளில் பலவற்றை ஆர்வலர்கள் காப்பாற்றி வேறு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். சண்டிகரிலேயே 1980களின் கடைசியில் தோட்டத்தின் ஒரு பகுதி வழியாகச் சாலை போட முயற்சி நடந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. புல்டோசர் வந்தபோது நகர மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் தோட்டத்துக்குள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். திரும்பி வந்த மனுஷன் மறுபடி வேலையைத் தொடங்கினார். மறு வருஷம் அவருடைய பணியைக் காக்க ஒரு அறக்கட்டளை உருவானது. உலகத்தின் பல பக்கத்திலிருந்து தன்னார்வலர்கள் வந்து உடைந்ததைச் சரிசெய்ய உதவினார்கள்.

2025 தொடக்கத்தில், பக்கத்திலிருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்தவும் வாகனம் நிறுத்த இடத்துக்காகவும் தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதியை நிர்வாகம் இடித்தது. நகர மக்கள் மறுபடியும் அங்கே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தத் தடவை சுவர் விழுந்துவிட்டது.